பல் மருத்துவர் அடைத்த நான்கு ஓட்டைகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது நான் வாயைத் திறந்துகொண்டிருந்தேன். வியப்பினால் அல்ல. கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி, பல் மருத்துவரின் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். நாக்கில் பாதி மரத்துப்போயிருந்தது. வாய்க்குள் பஞ்சு, எச்சிலை இழுக்கும் உறிஞ்சு குழாய், மருத்துவரின் இரண்டு விரல்கள். பல் மருத்துவர்களின் வாழ்க்கையில் ஒரு சோகம் உண்டு. பேச்சுத்துணைக்கு நாள் முழுக்க ஆள் கிடைக்கும், பதில்தான் கிடைக்காது. இவர் தன் காரின் கூரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் "ஆ" என்றேன். மேலே சொல்லச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

கதை உச்சத்துக்கு வந்த இடத்தில், "கொப்புளிங்க" என்றார். நான் கொப்புளித்து நிமிர்வதற்குள் அடுத்தவர் வீங்கிய கன்னத்தோடு உள்ளே வந்துவிட்டார். ஆகவே இந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாது. சொல்லும்போது அவர் சிரித்தாரா, கலங்கினாரா என்று முகத்தைப் பார்த்தாவது கண்டுபிடித்திருக்கலாமே என்பீர்கள். அவர் முகமூடி போட்டிருந்தார்.

2

எழுத உட்காரும்முன் கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொள்வது என் வழக்கம். இந்தக் கதையில் யாருக்கும் கெட்டது நடக்கக் கூடாது, படிக்கிறவருக்குக் கொட்டாவியும் வரக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கடவுளே சற்று யோசிப்பார் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

முதல் தொடக்கம்: கார்மேகங்கள் கவிந்திருந்த அந்த மாலைப்பொழுதில், நகரமே மூச்சை அடக்கி—

(இதை அக்கா நிறுத்திவிட்டாள். கீழ்த்தளத்தில் குடியிருக்கிறாள், நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். மேகம் கவியாமல் நான் ஒரு கதையும் தொடங்கியதில்லையாம். "அந்த மேகத்தையெல்லாம் சேத்து வச்சிருந்தா ஒரு ஏரி ரொம்பியிருக்கும்டா" என்றாள்.)

இரண்டாம் தொடக்கம்: மனிதன் தலைக்கு மேல் கூரை கேட்டான். கிடைத்ததும் அதில் ஒரு ஜன்னல் கேட்டான். ஆசையின் இயல்பை ஆராய்ந்தால்—

(இது கதையாகத் தெரியவில்லை, மேடைப் பேச்சாக இருக்கிறது. மைக்கைப் பிடுங்கிக்கொண்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: மருத்துவர் வாங்கிய கார் யாருக்கும் பிடிக்கவில்லை, அவருடைய மாமியாரைத் தவிர.

இது நிற்கிறது. இதில் ஏறிக்கொள்வோம்.

3

மருத்துவர் வாங்கிய கார் யாருக்கும் பிடிக்கவில்லை, அவருடைய மாமியாரைத் தவிர. அது ஏற்கனவே ஒரு குடும்பத்துக்கு உழைத்துக் களைத்த வண்டி. கதவைச் சாத்தினால் எங்கேயோ ஒரு திருகாணி முனகும். ஆனால் கூரையில் சன்ரூஃப் இருந்தது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி பின்னுக்கு நகர்ந்து வானம் தெரியும். பகல் முழுக்கப் பிறர் வாய்க்குள் குனிந்து பார்க்கிற ஒரு மனிதருக்கு, எப்போதாவது நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றினால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா?

அவர் மனைவிக்குப் பிடிக்கவில்லை. வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போனால் போதாதா, அங்கே பெட்ரோல் கூடச் செலவாகாதே என்று கேட்டாள். மருத்துவமனையில் உடன் வேலைபார்க்கிறவர்கள் காரைச் சுற்றிவந்து, 'நல்லாயிருக்கு' என்றார்கள். பிழைக்கமாட்டார் என்று தெரிந்த நோயாளியைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் சொல்வது போல.

இந்த இடத்தில் மாமியாரைக் கொண்டுவந்தேன்.

(உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் பிரதியில் அந்த அம்மாளை ஒரு சூறாவளியாக எழுதினேன். நகைச்சுவைக் கதையில் மாமியார் என்றால் மருமகனை இரண்டு வார்த்தையாவது குத்த வேண்டும் அல்லவா? குத்துவதற்கு வசனங்கள் கூடத் தயார். ஆனால் மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நான்கு முறை எழுதியும் அந்த அம்மாள் என் வசனத்தைப் பேச மறுத்துவிட்டார். கடைசியில் அவர் உண்மையில் சொன்னதையே எழுதுகிறேன்.)

முதல் நாள் அவர் முன்னிருக்கையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, வழி நெடுக மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார். மரக்கிளைகள், மின்கம்பிகள், ஒரு பறவை, மேம்பாலத்தின் அடிவயிறு. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: "மல்லாந்து பாத்துக்கிட்டே ஊர்வலம் போறது ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும்னு நினைச்சிருந்தேன் மாப்பிள்ளை. உசிரோட இருக்கும்போதே கிடைச்சிருச்சு."

அன்றிலிருந்து மருத்துவருக்கு உலகத்தில் தன் கட்சிக்கு ஒரு ஆள் உண்டு.

4

மழைக்காலம் வந்ததும் சன்ரூஃப் ஒழுகியது. கண்ணாடியைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை, பீடிங் என்பார்களே, வெயிலில் காய்ந்து, வெடித்து, விரலால் தொட்டால் கரியாக உதிர்ந்தது. முன்னிருக்கையில் ஈரம். கட்சியின் ஒரே உறுப்பினர் உட்காருகிற இருக்கை.

அந்த வாரம்தான் மாமியாருக்கு ஒரு கண்ணில் புரை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் வந்துவிடலாம் என்று மகள் சொன்னதற்கு அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை. டாக்ஸியில் வந்தால் வெறும் கூரையைத்தானே பார்க்க வேண்டும், இன்னொரு கண் சும்மாதானே இருக்கும், மாப்பிள்ளை காரிலேயே வருகிறேன் என்றுவிட்டார்.

(டாக்ஸி என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்துதான் இதை முன்கூட்டியே அடைத்துவைத்தேன். கதையில் ஓட்டையைக் கண்டால் எனக்கும் கை சும்மா இருக்காது.)

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று கண் டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். மருத்துவர் புது ரப்பர் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை காலை தன் கருவிப்பெட்டியோடு வாசலில் இறங்கினார். கார் பழுதுபார்க்கும் பெட்டியல்ல, பல் பெட்டி.

பழைய ரப்பரை நறுக்கு நறுக்காகப் பிடுங்கினார். பிடுங்கும்போது பழக்கத்தில் "கொஞ்சம்தான், கொஞ்சம்தான்" என்று காரிடம் சொன்னார். பல்லிலிருந்து காரையைச் சுரண்டும் கொக்கியால் பழைய பசையைச் சுரண்டினார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, காற்றடித்து உலர்த்தினார். புது ரப்பரை இழுக்காமல், திருகாமல், பின்பக்கத்து நடுவிலிருந்து ஆரம்பித்து விரல் விரலாக அழுத்தி ஒட்டிக்கொண்டே வந்து, தொடங்கிய இடத்திலேயே முனையோடு முனை சேர்த்தார். இழுத்து ஒட்டினால் ரப்பர் பிறகு சுருங்கி இடைவெளி விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஈறோடு பழகியவர். வாசலில் காய்கறிப் பையோடு வந்து நின்ற அவர் மனைவி, சமையலறைக் குழாய் ஒரு மாதமாக ஒழுகுகிறதே, அதற்கும் வாய், பல் என்று ஏதாவது இருந்திருந்தால் கவனித்திருப்பீர்களோ என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இதுவரை எல்லாம் சரி. அங்கே நிறுத்தியிருந்தால் மருத்துவருக்குக் கதை இருந்திருக்காது, எனக்கும்.

கண்ணாடிக்கு அடியில், சுற்றிலும் ஒரு சின்ன வாய்க்கால் ஓடுகிறது. அதன் நான்கு மூலைகளிலும் நான்கு ஓட்டைகள். உள்ளே கறுப்பாக அழுக்கு. மருத்துவர் அதைப் பார்த்தார். இருபது வருடமாக ஒரு மனிதர் கறுத்த ஓட்டையைக் கண்டால் என்ன செய்து வந்திருக்கிறாரோ அதையே செய்தார். கொக்கியால் அழுக்கைச் சுத்தமாக எடுத்தார், கழுவினார், உலர்த்தினார். பிறகு பல்லுக்கு வைக்கும் பசையை வைத்து நான்கையும் அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, மேற்பரப்பை வழுவழுவென்று தேய்த்தும் விட்டார். அவர் வாழ்நாளில் செய்த மிக அழகான நான்கு அடைப்புகள் அவை. வலிக்கிறது என்று சொல்ல அந்த வாய்க்கு நாக்கு இல்லை.

(விஷயம் இதுதான். சன்ரூஃப் செய்தவர்கள் ரப்பரை முழுக்க நம்பவில்லை. எத்தனை நல்ல ரப்பரானாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் வரும் என்று ஒப்புக்கொண்டு, அதைப் பிடிக்க வாய்க்காலும், வடிக்க ஓட்டையும், ஓட்டையிலிருந்து தரைக்கு இறங்கக் குழாயும் வைத்திருக்கிறார்கள். மனிதன் எப்படியும் தவறுவான் என்று தெரிந்து, படைக்கும்போதே மன்னிப்பையும் சேர்த்துப் படைத்த ஒருவனின் வேலை எனக்கு ஞாபகம் வந்தது. மருத்துவர் மன்னிப்பை அடைத்துவிட்டார்.)

அவர் உள்ளே உட்கார்ந்துகொள்ள, அவர் மனைவி மேலே ஹோஸ் பிடித்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. இறங்காது. வந்த கொஞ்சம் தண்ணீர் வாய்க்காலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மருத்துவர் கண்ணாடியைத் தட்டி, மனைவியைப் பார்த்து இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார்.

5

இந்த இடத்தில் ஒரு பாட்டு டீச்சரைச் சேர்த்தேன்.

மறுநாள் மருத்துவர் தன் சாதனையை நாற்காலியில் படுத்திருந்த பாட்டு டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சரிடமும் அதே மாதிரி கார் உண்டு. நான்கு ஓட்டைகளையும் அடைத்தேன் என்று கேட்டதும் டீச்சரின் கண்கள் அகன்றன. "ஆ! ஆ ஆ ஆ!" என்று எழுந்திருக்கப் பார்த்தார். வலிக்கிறது என்று நினைத்து மருத்துவர் இன்னொரு ஊசி—

அக்கா இதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். நான் மகிழ்ந்தேன். பிறகு கேட்டாள்: "சரி, வாய்தானே மரத்துப்போச்சு? வீட்டுக்குப் போனப்புறம் அவங்க ஒரு போன் பண்ணியிருக்க மாட்டாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். பண்ணியிருப்பார்தான். நான் எழுதுகிற ஆட்கள் எல்லாரும் அப்படிப்பட்டவர்கள். மரத்த நாக்கோடு குழறிக் குழறியாவது சொல்லியிருப்பார். சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும். எனவே டீச்சரை வணங்கி வழியனுப்பிவிட்டேன். இந்தக் கதையில் அவர் இல்லை.

6

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தூறல். உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. மருத்துவர் விசில் கூட அடித்தார். அறுவை முடிந்து, மாமியார் சிறிது நேரம் படுத்திருந்து வெளியே வருவதற்குள் பெருமழை ஒன்று கொட்டித் தீர்த்திருந்தது. கார் திறந்தவெளியில் நின்றிருந்தது.

நர்ஸ் அந்த அம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்னிருக்கையில் உட்கார வைத்தாள். ஒரு கண்ணின் மேல் கட்டும், அதற்கு மேல் பிளாஸ்டிக் மூடியும் இருந்தன. தண்ணீர் படக்கூடாது என்பதை நர்ஸ் மாமியாரிடம் ஒரு முறையும் மருத்துவரிடம் இரண்டு முறையும் சொன்னாள். ஆண்களை அறிந்தவள்.

ஆஸ்பத்திரி வாசலில் வேகத்தடை. மருத்துவர் பிரேக்கை லேசாக மிதித்தார். அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியும் உட்கூரைத் துணியும் சேரும் விளிம்பில், வெள்ளி நூல் போலத் தண்ணீர் தளும்பி நின்றது. கார் அசைய அசைய அதுவும் அசைந்தது. வாய் நிறைய எச்சில் ஊறி, கடைவாயில் வழியப்போகிற அந்தக் கணத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அந்த நான்கு ஓட்டைகளும் எதற்கு என்று அவருக்கு அப்போது புரிந்தது. உறிஞ்சு குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நோயாளியின் வாயைச் சிமெண்ட் போட்டுப் பூசிவிட்டு வந்திருக்கிறோம்.

பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் பாயும், அந்த அம்மாளின் முகத்துக்கு. விரட்டி ஓட்டினால் பின்னால் பாயும், பிறகு நிறுத்தும்போது மிச்சமெல்லாம் திரும்பி முன்னால்தான் வரும். பின்னிருக்கைக்கு மாற்றலாமென்றால் நிறுத்த வேண்டும். ஒதுங்க இடமில்லை, தெருவின் இருபுறமும் வண்டிகள் வரிசையாக நின்றன.

(குடை? குடை டிக்கியில் இருக்கிறது. குடைகள் எப்போதும் அங்கேதான் இருக்கும்.)

மருத்துவர் நடைவேகத்துக்கு இறங்கினார். நிறைகுடத்தைத் தலையில் சுமப்பவர் போலக் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு ஓட்டினார். ரப்பரை இழுக்காமல் ஒட்டிய அதே விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்துப்போயிருந்தன. சொல்லலாமா, வேண்டாமா? உலகத்திலேயே தன் காரைப் பாராட்டிய ஒரே ஜீவனிடம், அந்தக் கார்தான் இப்போது உங்கள் கண்ணுக்கு எமன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அது தன் பெருமை, இது அந்த அம்மாளின் கண். இரண்டில் எது பெரிது என்று முடிவுசெய்ய ஒரு தெருவின் நீளம் பிடித்தது.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"மேல தண்ணி நிக்குது. ரிப்பேர் பண்றேன்னு அடைக்கக்கூடாததை அடைச்சுட்டேன். பிரேக் போட்டா கொட்டிரும்."

"கத்தி வச்சது ஒரு கண்ணுலதான். இன்னொண்ணு நல்லாத்தான் தெரியுது. ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்தே அதைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்."

"அப்புறம் ஏன் அத்தை சொல்லல?"

"உங்க மூஞ்சியப் பாத்தேன். பல்லு பிடுங்க வந்த ஆளு மாதிரி இருந்துது. எதுக்குப் பயமுறுத்தணும்னு விட்டுட்டேன்." கைப்பையை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். சின்னப் பை, மணிபர்ஸுக்கு மூத்த சகோதரி. இன்னொரு கையால் கண்கட்டைப் பொத்திக்கொண்டார். "நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. பிரேக் மட்டும் வேணாம்."

தூரத்தில் சிக்னல் பச்சையாக இருந்தது, போய்ச் சேர்வதற்குள் சிவப்பு விழுந்துவிடும். அவசரமில்லாமல், பிரேக்கைத் தொடாமல், தானாகவே தேய்ந்து தேய்ந்து அதன் அடியில் போய் நின்றுவிட்டால் போதும். நின்றதும் இறங்கிக் குடையை எடுக்கலாம், துண்டால் தண்ணீரை ஒற்றி எடுக்கலாம், ஒரு கண் பிழைக்கும். மருத்துவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

7

"கொப்புளிங்க."

இதுவரைதான் எனக்குத் தெரியும். இனி வருவதெல்லாம் என் பாடு.

முடிவு அ: திடீரென்று வெயில் அடித்தது. வாய்க்காலில் நின்ற நீர் ஆவியாகி—

(அக்கா: "உன் கதையில மழை கூட யாரையும் நனைக்காமத்தான்டா பெய்யும்.")

முடிவு ஆ: தண்ணீர் கொட்டியது. அந்த அம்மாளின் கண்—

(இந்த வாக்கியத்தை மூன்று நாள் காலையில் உட்கார்ந்து முயன்றேன். எழுத்து என்றால் துணிவு வேண்டும் என்பார்கள். இருக்கட்டும். அந்தக் கண்ணை என்னால் கெடுக்க முடியாது. அதைப் படைத்தவன் நானில்லை.)

முடிவு இ: தண்ணீர் மொத்தமும் மருத்துவர் தலையில் மட்டும் கொட்டியது. இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

(இது எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்கும்தான். ஆனால் அவள் கேட்டாள்: "தண்ணிக்கு ஆள் பாத்து விழத் தெரியுமா?")

பிறகு அக்கா மேசைமேல் இருந்த போனை என் பக்கம் தள்ளி, டாக்டரிடமே கேட்டுவிட வேண்டியதுதானே, என்ன கூச்சம் என்றாள். எடுத்தேன். எண்களைக் கூட அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

காரணம் இதுதான். தண்ணீர் கொட்டியதா, இல்லையா என்பதை மருத்துவர் சொல்லிவிடுவார். ஆனால் அவருக்கும் தெரியாத ஒன்று இந்தக் கதையில் இருக்கிறது. முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பின்னால் வந்த வண்டியில் யார் இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. எல்லாம் அந்த ஆளின் கையில்தான் இருந்தது.

8

பின்னால் வரும் வண்டியில் நீங்கள் இருக்கிறீர்கள்.

வேலை முடிந்து வருகிறீர்கள். யாரோ உங்களைக் காரணமில்லாமல் கடிந்துகொண்ட நாள். காலுறை நனைந்திருக்கிறது, பசிக்கிறது. உங்களுக்கு முன்னால் ஒரு பழைய கார் நடைவேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதன் பின்கண்ணாடி வழியாக விறைப்பாக ஒரு தலையும், பக்கத்தில் தலைக்கு மேல் கைப்பையைத் தூக்கிப் பிடித்த இன்னொரு தலையும் தெரிகின்றன. பைத்தியங்கள் என்று நினைக்கிறீர்கள். நியாயம்தான்.

சிக்னல் பச்சையாக இருக்கிறது. முன்னால் போகிறவர் கொஞ்சம் முடுக்கினால் நீங்கள் இருவருமே தாண்டிவிடலாம். அவரோ வேகத்தைக் குறைக்கிறார். பச்சையைப் பார்த்துக்கொண்டே குறைக்கிறார்.

அவர் ஒரு நூலில் நடந்துகொண்டிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு ஹாரன் சத்தம் கேட்டால் திடுக்கிட்டு அவர் கால் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் இப்போது என் வாசகர் இல்லை. அந்த வண்டியில் இருக்கும்போது முந்தைய ஏழு பகுதிகளையும் நீங்கள் படித்திருக்கவில்லை. கண்ணைப் பற்றி, கட்டைப் பற்றி, மேலே தளும்பும் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. தெருவில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. முன்னால் ஒருவர் மெதுவாகப் போகிறார், அவ்வளவுதான் தெரியும்.

மஞ்சள் விழுந்துவிட்டது.

உங்கள் கை ஹாரன்மேல் இருக்கிறது.